தகரக் கதவில் இறங்கிய கரண்டு

பல கைகள் பட்டுத் தேய்ந்த பித்தளைக்கு ஒரு வழவழப்பு உண்டு. சித்திரை வெயிலிலும் அது உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், அம்மா வேலை பார்த்த வெடிமருந்து அறையின் வாசலில் அப்படி ஒரு தகட்டைப் பதித்திருந்தார்கள். ஆயுத பூசையன்று குடும்பத்தாரையும் உள்ளே விடுவார்கள். அன்று அம்மாவோடு போன நான், அவள் அந்தத் தகட்டில் கையை வைத்து ஒரு கணம் நின்றுவிட்டு அறைக்குள் காலெடுத்து வைத்ததைப் பார்த்து, அது ஏதோ சாமி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மாவோடு அதே அறையில் வேலை பார்த்த, எங்கள் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏலே மருமகனே, அது சாமி இல்லலே. நம்ம உடம்புல இருக்குற கரண்டை மண்ணுக்குக் குடுக்குற எடம். குடுக்காம உள்ள போனா ஒரு பொறி போதும், அம்புட்டுப் பேரும் சாம்பல்தேன்."

எங்கள் தெருவில் அப்போது கம்பத்து விளக்கைத் தவிர வேறு மின்சாரம் கிடையாது. வீட்டில் இல்லாத கரண்டு என் உடம்பில் இருக்கிறது என்பதை என்னால் நம்பவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்து, அச்சகத்துக் கழிவுக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தால், அவை துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன. நைலான் சட்டையை இருட்டில் கழற்றினால் படபடவென்று பொறி பறந்தது. அம்மா வேலைக்கு நூல் சேலை மட்டுமே கட்டிப் போவது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் படிப்பில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குக் கூச்சம்.

பிறகு எங்கள் வீட்டுக்கும் ஒரு விளக்கு வந்தது. கம்பத்திலிருந்து வந்த வயர், கூரைத் தகரத்தின் விளிம்பை ஒட்டி உள்ளே இறங்கியது. எங்கள் கதவும் தகரம்தான். கூரையும் கதவும் ஒரே இரும்புச் சட்டத்தில் நின்றன. ஆலைப் பழக்கம் அம்மாவை வீட்டிலும் விடவில்லை. வேலை முடிந்து வந்தால் கதவில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் நுழைவாள். தெருவே கேலி செய்யும். விளக்கு வந்த சில வாரங்களில் ஒருநாள் அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "இன்னைக்கு எனக்கு உடம்புல கரண்டு சாஸ்தி போல. கதவுல வச்சதும் எறும்பு ஊர்ற மாதிரி எறங்குது." அடுத்த நாளும் அப்படியே சொன்னாள். நானும் தொட்டுப் பார்த்தேன், சுருசுருவென்று இருந்தது. எனக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மண்ணுக்குப் போகிறது என்று மெய்சிலிர்த்து நின்றேன்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. இடி இடித்தால் ஆலையை மூடி எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். அன்று மத்தியானமே அம்மாவும் பாக்கியம் அத்தையும் திரும்பிவிட்டார்கள். எங்கள் ஊர்க் கரிசல் மழையில் நனைந்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆகவே இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் வந்தார்கள். நான் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போலக் கதவில் கை வைத்தாள். அந்தக் கை அங்கேயே நின்றுவிட்டது. விரல்கள் மடங்கித் தகர விளிம்பைப் பற்றிக்கொள்ள, உடம்பு முழுக்க உதறியது. குரல் வரவில்லை.

பாக்கியம் அத்தைக்குக் கரண்டைப் பற்றி எதுவும் தோன்றவில்லை. அம்மாவைப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பேய் பிடித்தவளைச் செருப்பால் அடித்தால் இறங்கிவிடும் என்பார்கள். கையிலிருந்த ரப்பர் செருப்பால் அம்மாவின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் கை விடுபட்டு அம்மா சேற்றில் விழுந்தாள். வெகுநேரம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை, "யாரு என்னையச் செருப்பால அடிச்சது?" என்பதுதான்.

"நாந்தேன். இன்னும் ரெண்டு வேணுமா?" என்றாள் அத்தை, அழுதுகொண்டே.

அது கரண்டாகத்தான் இருக்கும் என்று தெருவில் யாரோ சொல்ல, அதன்பின் யாரும் கதவைத் தொடவில்லை. மறுநாள் காலை, எங்கள் வீட்டுக்கு வயர் இழுத்த வயர்மேன் சண்முகம் வந்தார். கம்பத்தில் இணைப்பைப் பிடுங்குவதற்கு முன், டெஸ்டரைக் கதவில் வைத்து அதன் தலையில் விரலை வைத்தார். உள்ளே சிவப்பாய் ஒரு பொட்டு எரிந்தது. தன் உடம்பு வழியாகப் போகும் கரண்டுதான் அதை எரிக்கிறது என்று அவர் சொன்னதும் நான் ஓரடி பின்வாங்கினேன். "உள்ள ஒரு தடை வச்சிருக்குலே. ஆளைக் கொல்லாத அளவுக்குத்தான் கசிய விடும்," என்றார். தகர விளிம்பில் உரசி வயரின் தோல் கிழிந்திருந்தது. "குழாய்க்குள்ள விட்டு இழுத்திருக்கணும், என் தப்புத்தேன்," என்று தலையைச் சொறிந்தார்.

"அப்ப என் உடம்புக் கரண்டு இல்லியா அது?" என்றாள் அம்மா.

"அக்கா, உங்க உடம்புல உள்ளது ஒரு சொட்டு. கம்பத்துல வர்றது கம்மாய். மடை எங்கனு தேடிக்கிட்டே நிக்கும். இம்புட்டு நாளும் செருப்பும் காஞ்ச தரையும் அடைச்சு வச்சிருந்துச்சு. நேத்து வெறுங்காலோட, ஈரத்துல, நீங்களே மடையாகி நின்னீக. இவுக கையால புடிச்சு இழுத்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீக."

ஆலைத் தகட்டில் வெளியிலிருந்து எதுவும் வராது, அதன் கம்பி நேரே மண்ணுக்குள் போகிறது என்றும் சொன்னார். அம்மாவின் அறிவுக்கு அது புரிந்தது; கைக்குப் புரியவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று அவள் கை தகட்டுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டதாம். தொடாதவளை உள்ளே விட்டால் அந்த அறையில் இருக்கிற நாலு பேர் உயிருக்கும் ஆபத்து. "முடியலைன்னா வீட்டுக்குப் போம்மா," என்றாராம் போர்மேன். அவள் கூலி இல்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

பாக்கியம் அத்தை அம்மாவின் வெறுங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தன் மறு கையைத் தகட்டில் வைத்தாளாம். "நீ என்னையத் தொடு, நான் அதைத் தொடுறேன். ரெண்டு பேரு கரண்டும் என் வழியாவே போகட்டும்," என்றாளாம். போர்மேன் யோசித்துவிட்டுத் தலையசைத்தாராம். அம்மாவின் கை தானாகத் தகட்டுக்குப் போகும்வரை, அவர்கள் அப்படியேதான் நுழைந்தார்கள். அதற்கு முன் அந்த மழையில் பிடித்திருந்தால் இருவரையும் கொன்றிருக்கக்கூடிய அதே கைப்பிடி, இங்கே அத்தனை பேரையும் காத்தது.

இன்று எங்கள் தெருவில் தகர வீடுகள் இல்லை. பாக்கியம் அத்தையும் இல்லை. என் வீடு சிமெண்டுக் காரை வீடு. மீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி இருக்கிறது. எங்காவது கரண்டு கசிந்தால் அது கண்ணிமைக்கும் முன்னே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மழைக்காலத்தில் சில சமயம் அதன் விசை 'டக்'கென்று கீழே விழும்; பிள்ளைகள் அதைத் தூக்கிவிடச் சலித்துக்கொண்டு எழுவார்கள். அம்மா மட்டும் கட்டிலிலிருந்து, "இருங்கலே, அது சும்மா விழாது. யாரும் எதையும் தொடாதீக," என்பாள். அவளுக்குப் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வாள்.