சானமாவில் நிறுத்திய கார்

சிஸ்டரை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நீலப் புகைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாகலூர் சாலையில் இருந்த என் தகரக் கொட்டகை வாசலில் அவருடைய வெள்ளைக் கார் வந்து நின்றபோது பின்னால் தெருவே தெரியவில்லை. வாரத்தில் ஆறு நாள் நான் சிப்காட்டில் ஒரு இன்ஜின் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை செய்தேன். ஏழாம் நாள் அந்தக் கொட்டகையில் சொந்தமாக ரிப்பேர் வேலை பார்ப்பேன். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வைத்த டீசல் கார் அன்றைக்கு ஓசூரில் அபூர்வம். அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள்.

அவர் சூளகிரிக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியின் பொறுப்பாளர், நர்ஸ் வேலை பார்த்த கன்னியாஸ்திரி. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். தெலுங்கும் கன்னடமும் தமிழைப் போலவே பேசுவார். காரை வெளிநாட்டுத் திருச்சபை ஒன்று பழசாக அனுப்பியிருந்தது. ஓட்டுநர் வேலையை விட்டுப் போனதும் அவரே உரிமம் எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார். வெள்ளை அங்கியின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, சாலையை முறைத்துப் பார்த்தபடி ஓட்டுவார். அவசர நோயாளிகளைப் பெங்களூருக்குக் கொண்டுபோக அந்த ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை.

டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றினேன். உள்ளே விரலை விட்டால் எண்ணெய் வழிந்தது. இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து வரும் ஆவியில் எண்ணெய்த் துளிகள் கலந்திருக்கும். பழைய இன்ஜினில் அது அதிகமாகி, டர்போ அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். புகை சின்ன விஷயம். என் பயம் வேறு. கம்பெனியில் ஒருமுறை சோதனை மேடையில் இருந்த டீசல் இன்ஜின் தன் எண்ணெயையே குடித்துத் தறிகெட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். டீசலை நிறுத்தியும் அது நிற்கவில்லை. அலறல் ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் ஓடினோம். ஃபோர்மேன் மட்டும் ஒரு பலகையைக் காற்று வாயில் அழுத்தி அதை அடக்கினார். நெடுஞ்சாலையில், சாவியைத் திருப்பியும் நிற்காத காரில் ஒரு நோயாளி படுத்திருந்தால்? அதைச் சிஸ்டரிடம் சொன்னேன். "அப்ப இன்னிக்கே சரி பண்ணிடு தம்பி. நான் இங்கியே ஒக்காந்துக்கறன்" என்றார். பக்கத்து எஸ்.டி.டி. பூத்தின் எண்ணை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அதற்கு வழி ஆயில் செப்பரேட்டர். அந்தக் காருக்கென்று கடையில் கிடைக்காது என்பதால் நானே செய்தேன். மூடி போட்ட ஒரு எஃகு டப்பா, உள்ளே கம்பி வலை. ஆவி ஒரு பக்கம் நுழையும். வலையில் எண்ணெய் தங்கிவிடும். காற்று மட்டும் மேல் குழாய் வழியாக டர்போவுக்குப் போகும். தங்கிய எண்ணெய் அடிக்குழாய் வழியாக இன்ஜினுக்கே திரும்பி வடியும். குழாய்களைக் கழற்றிய இடங்களில் தூசி விழாமலிருக்க இரண்டு துணித் துண்டுகளைக் கிழித்து, டர்போ வாயில் ஒன்றும் எண்ணெய் திரும்பும் வாயில் ஒன்றுமாக அடைத்தேன். பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசி கிளிப்பை முறுக்கிக்கொண்டிருந்தபோது பூத்காரர் கூப்பிட்டார். சிஸ்டர் போய்ப் பேசிவிட்டு ஓடிவந்தார். பிரசவக் கேஸ், இரத்தப்போக்கு, உடனே பெங்களூர் போக வேண்டும். "முடிஞ்சிதா, இல்லியா?" என்றார். முடிந்தது என்றேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். புகை இல்லை. கார் சூளகிரிப் பக்கம் பறந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு சாமான்களை எடுத்து வைத்தபோதுதான் தட்டில் ஒரே ஒரு துணி இருப்பதைப் பார்த்தேன். டர்போ வாயில் வைத்ததை எடுத்தது நன்றாக நினைவிருந்தது. மற்றதை எடுத்தேனா? எவ்வளவு யோசித்தும் என் விரல்கள் அதை உருவிய காட்சி மனதில் வரவில்லை. அது உள்ளேயே இருந்தால் எண்ணெய் வடியாது. டப்பா நிறையும். நிறைந்தால் மொத்தமும் டர்போவுக்குத்தான் போகும். முன்பு துளித்துளியாகக் குடித்ததை இப்போது டம்ளர் கணக்கில் குடிக்கும். தரையைத் தடவினேன், சட்டைப் பை, கால்சட்டைப் பைகளை உதறினேன், குப்பையைக் கொட்டிக் கிளறினேன். பூத்துக்கு ஓடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பெங்களூர் போகும் கார் அதே சாலையில்தான் திரும்பி வர வேண்டும். ஸ்குரூடிரைவரையும் இடுக்கியையும் ஒரு ரப்பர் மூடியையும் எடுத்துக்கொண்டு மொபெட்டை உதைத்தேன்.

அந்தப் பயணத்தை இன்றைக்கும் உடம்பு மறக்கவில்லை. லாரிகள் உரசிக்கொண்டு போயின. எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் அதுவாகத் தெரிந்தது. சானமாவுக் காட்டை ஒட்டிய சாலையில் ஒரு டீக்கடை. அதற்குச் சற்று முன்னால்தான் அந்தக் காரைப் பார்த்தேன். மொபெட்டைச் சாய்த்துவிட்டு நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். கார் என் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது.

"பைத்தியமா ஒனக்கு? உள்ள உசுரு ஊசலாடுது!" என்று சிஸ்டர் கத்தினார். பின் இருக்கையில் ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் தலையை மடியில் வைத்திருந்த மாமியார், "ஏமாயிந்தி? ஏமாயிந்தி?" என்று தெலுங்கில், என்ன ஆயிற்று எனக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"துணி உள்ள இருக்குதோன்னு சந்தேகம் சிஸ்டர். இருந்தா வண்டி நிக்காது. ரெண்டு நிமிஷம் குடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். அடிக்குழாயைக் கழற்ற நேரமில்லை. டப்பாவிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைப் பிடுங்கித் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு, அது டர்போ பக்கம் சேரும் சிறு வாயை ரப்பர் மூடியால் அடைத்தால் போதும். டப்பா நிறைந்தாலும் எண்ணெய் தரையில்தான் கொட்டும். ஆனால் கிளிப்பின் திருகு கொதித்தது. ஸ்குரூடிரைவர் இரண்டு முறை நழுவியது. உள்ளங்கை சூட்டில் ஒட்டி உரிந்தது. பானெட்டை மூடியபோது சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு நிமிஷம்" என்றார். திட்டுவதற்காகச் சொன்னதல்ல, எதற்கும் நேரம் குறித்துக்கொள்வது நர்ஸுகளின் பழக்கம். அடுத்து, "வழியில எதுனா ஆச்சுன்னா? நீயும் ஏறு" என்றார். மொபெட்டை டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஏறினேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிற்கையில் எரிந்த கைக்குத் துணி தேடினேன். கம்பெனி கால்சட்டையில் தொடைப் பக்கம் ஸ்கேல் வைக்க ஒடுக்கமான ஒரு பை உண்டு. நான் உதறாமல் விட்ட ஒரே பை அதுதான். விரலை விட்டேன். எண்ணெய் ஊறிய துணித் துண்டு வந்தது. அதை எப்போதோ உருவி, அவசரத்தில் அங்கே செருகியிருக்கிறேன். காரில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. ஏழு நிமிடம் நான் சும்மா நிறுத்தி வைத்திருந்தேன்.

கதவு திறந்து சிஸ்டர் வெளியே வந்தார். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை இல்லை. "கொண்டாரப்பவே இல்லைன்னு டாக்டரு சொல்றாரு" என்றார். கொண்டுவரும்போதே என்றால் சானமாவுக்கு முன்னாலா, பின்னாலா? துணியைக் கைக்குள் கசக்கிக்கொண்டு நின்றேன். மாமியார் என் கையைப் பிடித்து, வண்டியைக் காப்பாற்றிக் கொடுத்த மகராசன் என்று தெலுங்கில் வாழ்த்தினார். நான் மறு கையால் துணியைப் பைக்குள் செருகினேன்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கம்பெனியில் ஒரு மீட்டரை இரண்டு முறை தப்பாகப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் குழாயைத் திரும்ப மாட்டக் காரைக் கொண்டுவந்தார். துணி கிடைத்ததா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்ததும் உண்மை. ஆனாலும் துணியை எடுத்து பானெட் மேல் வைத்தேன். "இது என் பையிலியே இருந்துச்சு சிஸ்டர். உங்கள நான் சும்மா நிறுத்திட்டன்."

அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பொண்ணு காலையில பத்து மணிக்கே வந்துட்டாளாம். வண்டி இருந்திருந்தா அப்பவே அனுப்பியிருப்பாங்க. கழட்டிக் கெடக்குதுன்னு கூப்பிடாம இருந்துட்டாங்க. வண்டிய இங்க கொண்டாந்து கழட்டச் சொன்னவ நானு. மூணு மணி வரைக்கும் நானும் போன்லகூடக் கேக்கல. நீ ஏழு நிமிஷத்த வெச்சிக்கிட்டு வந்து எங்கிட்டச் சொல்ற. நான் அஞ்சு மணி நேரத்த யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

அதுவரை நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை. அவர் அந்த ஏழு நாளும் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் காரின் இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் அவர்தான், "சரி, கொழாய மாட்டு" என்றார். மாட்டினேன். அதன்பின் அந்தக் கார் புகை விட்டதில்லை.

இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது. சானமாவில் நடு ரோட்டில் நின்று கை காட்டினால் எந்தக் காரும் நிற்காது, நிற்கவும் முடியாது. கார்களில் செப்பரேட்டர் இன்ஜின் மூடிக்குள்ளேயே சேர்ந்து வருகிறது. அப்படி ஒன்று இருப்பதே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. எனக்கோ இன்றைக்கும் ஒரு வேலை முடிந்தால் எல்லாப் பையையும் உதறிப் பார்க்காமல் கை கழுவ முடிவதில்லை.

அது நடந்த மறு வருடம் சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் புது ஓட்டுநரை என் கொட்டகைக்கு அழைத்து வந்தார். எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும், டப்பாவின் வலையை எப்போது கழுவ வேண்டும் என்பதையெல்லாம் என்னைச் சொல்லச் சொன்னார். பிறகு சாவியை ஓட்டுநர் கையில் கொடுத்து, என்னைக் காட்டிச் சொன்னார்: "இவரு ரோட்டுல கை காட்டினா வண்டிய நிறுத்து. உள்ள யாரு இருந்தாலும் நிறுத்து. எதுக்குன்னு அப்பறமா கேட்டுக்க."