தோட்டத்து மண்ணில் ஊன்றாத கேமரா

உக்குவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ இருந்தது. அறுபதுகளின் பிற்பகுதி அது. கடையில் உட்கார்ந்து எடுத்த படங்களைவிட, பழைய மோட்டார் சைக்கிளில் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறிப் போய் எடுத்த படங்கள்தான் அதிகம்.

யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காற்று அடித்து தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தின் கூரைத் தகரங்கள் பறந்துவிட்டன. அங்கே இருந்தவர்கள் கேட்டதால், கூரையில்லாத காம்பரா அறைகளைப் படம் எடுத்துக் கொடுத்தேன். தொழிற்சங்கத்துக்காரர்கள் அந்தப் படங்களைக் கொழும்புவரை கொண்டுபோனார்கள். புதுத் தகரம் வந்தது. கூடவே எனக்குத் தடையும் வந்தது. தோட்டத்துக் காவல்காரர் கடைக்கே வந்து சொன்னார்.

"இனிமே தோட்டத்து மண்ணுல நீங்க கேமரா ஸ்டாண்டு ஊணக் கூடாதாம். மேனேஜர் தொரை சொல்லிட்டாரு."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் அதே தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கொழுந்து எடுப்பவள். அவளுக்கும் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகக் கட்டளை வந்திருந்தது. அவளுடைய அண்ணன் இங்கேயே தங்குகிறார். மரம் வெட்டும்போது விழுந்து இடுப்பொடிந்தவர். டவுனுக்கு இறங்கி வர முடியாது.

"போறதுக்கு முந்தி எல்லாரும் ஒண்ணா ஒரு படம் எடுக்கணும் அண்ணே. நீங்கதான் வரணும்."

"மண்ணுல ஸ்டாண்டு ஊண விட மாட்டாங்களே, தங்கச்சி."

"அப்ப மண்ணுல ஊணாம எடுங்க."

கோபமாகத்தான் சொன்னாள். அவள் போன பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என் கேமரா பழையது. மலையின் மங்கல் வெளிச்சத்தில் அதன் கண்ணைச் சற்று நேரம் திறந்து வைத்தால்தான் படம் விழும். கையில் பிடித்தால் முகங்கள் கலங்கிப் போகும். அதற்கு அசையாத ஒரு தாங்கி வேண்டும். லயத்துக்குக் கீழே போவது அரசாங்க ரோடு. அந்த ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்த யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கேமராவை அதன்மேலேயே பூட்டிவிட்டால்?

முதலில் கைப்பிடிக் குழாயில் ஓர் இரும்புப் பட்டையைச் சுற்றி முடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்தேன். என் மனைவியை ரயில் பாதையோரம் நிறுத்திப் படம் எடுத்தேன். கைப்பிடி மெல்லத் திரும்பியிருக்கிறது. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் அவளுக்கு இரண்டு முகம்.

"ஒரு பொண்டாட்டி பத்தலையாக்கும்" என்றாள்.

கைப்பிடியைக் கைவிட்டேன். பின்னால் சாமான் வைக்கும் கேரியர் சட்டத்தோடு சேர்ந்தது, திரும்பாது. அதில் ஒரு தடித்த தகட்டை நிறுத்தி ஒட்ட வேண்டும். இரும்பு ஒட்டும் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போனேன். அவர் தகட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எதுக்கு தம்பி இது?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே நெருப்பைப் பற்றவைத்தார்.

"அப்ப நல்லா இறுக்கமா ஒட்டித் தாறேன்."

ரோடு சரிவாக இருந்தால் கேமராவும் சாயுமே என்று, உடைந்த லொறிப் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் உருண்டை மூட்டைக் கழற்றித் தகட்டின்மேல் பொருத்தினேன். எந்தப் பக்கமும் திருப்பி முடுக்கலாம். அதிராமல் இருக்கக் கேமராவுக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை மடித்து வைத்தேன். மறுபடி மனைவியை நிறுத்தினேன். இந்தமுறை ஒரே முகம், அதுவும் முறைத்தபடி.

ஞாயிற்றுக்கிழமை காலை லயத்துக்குக் கீழே வளைவில் மோட்டார் சைக்கிளை அதன் ஸ்டாண்டில் ஏற்றினேன். மேலேயிருந்து அண்ணனை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அந்தப் பெண், புருஷன், பிள்ளைகள், அண்ணன் குடும்பம், பக்கத்துக் காம்பராக்காரர்கள் என்று எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். ரோட்டின் குறுக்கே அண்ணனை நடுவில் வைத்து நிறுத்தினேன். மூட்டுத் திருகை முடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, அவர்களுக்குப் பின்னால் துரையின் ஜீப் வளைவில் வந்து நின்றது.

துரை இறங்கவில்லை. தலையை வெளியே நீட்டினார்.

"கேமரா தூக்கு! இது எஸ்டேட்."

நான் சொன்னேன்:

"இது கவர்மெண்டு ரோடு தொரை. கேமரா என் சைக்கிள் மேல இருக்கு. உங்க மண்ணுல நான் ஒண்ணும் ஊணல."

அவர் தகட்டையும் அதன்மேல் இருந்த கேமராவையும் பார்த்தார். பிறகு ஹோர்னை அழுத்தினார். விடவே இல்லை. பிள்ளைகள் ஜீப் பக்கம் திரும்பப் போனார்கள். ஓரத்தில் நின்ற இரண்டு பேர் விலகக் காலெடுத்தார்கள்.

"யாரும் அசையாதீங்க!" என்றாள் அந்தப் பெண். "படக்கார அண்ணன் எடுத்து முடிக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது."

காலெடுத்தவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். அண்ணன் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார். அவ்வளவு சத்தத்திலும் ஒரு கண்கூட இமைக்கவில்லை. கேமராவின் கண்ணைத் திறக்கும் கேபிளை அழுத்தினேன். ஃபிலிமைச் சுற்றி, இன்னொரு தடவையும் அழுத்தினேன். அதற்கு மேல்தான் அவர்கள் அண்ணனின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் வழிவிட்டார்கள். ஜீப் என்னை உரசுவதுபோலக் கடந்து போனது. நான் சைக்கிளை ஓர் அடியும் நகர்த்தவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே வளைவில் படம் எடுத்தேன்; துரை காவல்காரரை அனுப்பினார். அவர் துரை எழுதிவரச் சொன்னதாக என் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறு அந்தக் காவல்காரரே தம் பெண்சாதியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, படம் எடுக்கச் சொல்லி நின்றார்.

இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறுவதற்கு முந்திய வாரம் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். படத்தை மேசையில் வைத்தேன். எல்லா முகமும் துலக்கமாக விழுந்திருந்தது. ஓர் ஓரத்தில் ஜீப்பின் முன் சக்கரமும் துரையின் தொப்பியில் பாதியும் தெரிந்தன.

"அந்த ஓரத்த வெட்டிட்டுப் போட்டுத் தரவா?" என்று கேட்டேன்.

அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க அண்ணே. அதுவும் இருக்கட்டும். எங்க அண்ணனுக்கும் இதேமாதிரி ஒண்ணு பெருசாப் போட்டுக் குடுங்க."