பையை முன்னே அனுப்பிய பாலேஸ்வரி

கனடாவில் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன முதல் தமிழிச்சி எங்கள் பாலேஸ்வரிதான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். வண்டி என்றது, பின்கதவைக் கயிற்றால் கட்டிய ஒரு பழைய ஸ்ரேஷன் வாகன் கார். மேற்கு என்றது, ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிற மிசிசாகா. அவளுக்கு முன்னரே எத்தனையோ தமிழ்ச் சனம் அங்கே சோறு கறி ஆக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அது கிட்டத்தானே என்று சொல்கிறவர்கள், தை மாதப் பனிப்புயலில் பிள்ளையோடு நடுறோட்டில் அகப்படாதவர்கள்.

அளவெட்டியில் பிறந்த பாலேஸ்வரிக்கு வீடு மாறுவது சளித் தடிமன் வருவது மாதிரி. ஷெல்லடிக்குப் பயந்து உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஒரு பயணம், கொழும்பு லொட்ஜ் ஒன்றுக்கு இன்னொரு பயணம், கடைசியில் கனடாவுக்கு வந்து வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ற். ஒவ்வொரு முறையும் எதையாவது விட்டுவிட்டு வந்து வருசக்கணக்காகப் புழுங்குவாள். ஒருமுறை தையல் மெசின். ஒருமுறை மாமியார். மாமியார் பிறகு தானே நடந்து வந்து சேர்ந்தா. தையல் மெசின் வரவேயில்லை.

புருசன் பொன்னம்பலத்துக்கு மிசிசாகாவில், பிளேனுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. பஸ் மாறி மாறிப் போய் வந்ததில் மனுசன் பாதியாகிவிட்டார். கூட வேலை செய்த பத்மநாதன் தன் வீட்டு பேஸ்மென்ற் வாடகைக்கு இருக்கிறது என்று சொன்னதும், தொண்ணூற்று நாலாம் ஆண்டு தை மாதம் புறப்படுவதாக முடிவாயிற்று. லீவு கிடைத்தது வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கு மேற்கே சூலமெல்லோ!" என்றாள் பாலேஸ்வரி.

"இந்தக் குளிருக்குச் சூலமும் உறைஞ்சு போய்க் கிடக்கும். பேசாம சாமானைக் கட்டும்."

பாலேஸ்வரியா கேட்பாள்? ஆகாத கிழமையில் ஒரு திசைக்குப் போகவேண்டி வந்தால் அதற்கு வழி உண்டு. முதலே ஒரு நல்ல நாளில், போகிற பக்கம் ஒரு பொருளை அனுப்பிவிட வேண்டும். பொருள் போனால் ஆளும் புறப்பட்ட மாதிரி. ஆனால் ஒரு பழந்துணியை அனுப்பிச் சூலத்தைப் பேய்க்காட்ட ஏலாது. இல்லாமல் இருக்கவே முடியாத சாமானாக இருக்கவேண்டும்.

வியாழக்கிழமை வந்த பத்மநாதனிடம் ஒரு சின்னப் பையைக் கொடுத்தாள்.

"உதுக்குள்ள என்னக்கா?"

"எங்கட உயிர்," என்று சிரித்தாள்.

உண்மையைத்தான் சொன்னாள். ஐந்து வயது மகள் சிவானிக்குத் தொய்வு, ஆஸ்துமா. குளிர் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். பைக்குள் இருந்தது, மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அடிக்க டொக்டர் எழுதிக் கொடுத்த புது பம்ப். பழையது கைப்பையில் இருக்கிறதுதானே என்று நினைத்தாள். அதில் எவ்வளவு மிச்சம் என்று குலுக்கிப் பார்க்கவில்லை.

புறப்படுகிற அன்று திறப்பைத் திருப்பினால் கார் செத்த மாடு மாதிரிக் கிடந்தது. பிறகு உயிர் வந்தது. கூரையில் மெத்தை, பின்னுக்குச் சாமிப்படம், சட்டி பானை, சிவானியின் காலடியில் புதிதாக வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள். 401 நெடுஞ்சாலையில் ஏறும்போதே மேற்கு வானம் கறுத்திருந்தது. அங்கிருந்து பறவைகள் எல்லாம் இவர்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

"அம்மா, why are they all going back?" என்றாள் சிவானி.

பாலேஸ்வரி பின்னுக்குத் திரும்பிப் பிள்ளையின் ஜக்கெற்றை இழுத்து மூடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தோசை தோசையாகப் பனி கொட்டியது. முன்னால் போன காரின் சிவப்பு விளக்குகள் இருந்தன, பிறகு இல்லை. பொன்னம்பலம் பிரேக்கை அமத்த, கார் வழுக்கித் திரும்பி நின்றது. பின்னால் ஏதோ படாரென்று வெடித்தது. தூள் பை. ஹீற்றர் காற்று அதை வாரி எடுத்துக் கார் முழுக்க விசிறியது. கண்ணாடிகள் உறைந்து போய் இறங்க மறுத்தன.

மூவரும் இருமினார்கள். பிறகு இரண்டு பேர் நிறுத்தினார்கள். சிவானி நிறுத்தவில்லை. விலா எலும்பு உள்ளே இழுபட, பிள்ளை காற்றைத் தேடியது.

பாலேஸ்வரி பழைய பம்பை எடுத்து வாயில் வைத்து அமத்தினாள். ஒரு தரம் புகை வந்தது. மறுதரம் ஒன்றும் இல்லை.

"புதுசு எங்கயப்பா?" என்றார் பொன்னம்பலம்.

அவள் மேற்கே கையைக் காட்டினாள்.

அடுத்த கணம் கதவை உதைத்துத் திறந்து வெளியே இறங்கிவிட்டாள். பொன்னம்பலம் பிள்ளையைத் தூக்கித் தூள் இல்லாத காற்றுக்காகக் கதவடியில் பிடித்துக்கொண்டார். குளிர்க்காற்றும் அந்த நெஞ்சுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். வேறு காற்று எங்கே இருந்தது?

வரிசையாக நின்ற கார்களின் கண்ணாடிகளில் பாலேஸ்வரி தட்டினாள். தலையில் துவாய், முகமெல்லாம் சிவப்புத் தூள், கண்ணால் நீர். அப்படி ஒரு உருவம் பனிக்குள்ளிருந்து வந்து தட்டினால் யார் திறப்பார்கள்? டக், டக்கென்று பூட்டுகள் விழும் சத்தம்தான் கேட்டது. தட்டத் தட்ட அந்தச் சத்தம் அவளுக்கு முன்னால் ஓடியது.

கடைசியில் ஒரு பெரிய லொறி. படியில் ஏறிக் கதவில் அடித்தாள். வெள்ளைத்தாடிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "பேபி… பம்ப்… பம்ப்!" அவனுக்கு விளங்கவில்லை. இங்கிலீஷைக் கைவிட்டுவிட்டு, பிள்ளையின் நெஞ்சிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை அப்படியே தன் வாயால் இழுத்துக் காட்டினாள். மனுசனின் முகம் மாறியது. அது அவனே கேட்டுப் பழகிய சத்தம். சேர்ட் பொக்கற்றுக்குள் கையை விட்டு, தன்னுடைய நீல பம்பை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினான்.

சிவானியின் உதடு அப்போது நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. பம்ப் அடித்தும் பிள்ளை அசையாமல் கிடந்தது. மறுபடி அடித்தார்கள். பிறகு ஒரு மூச்சு, கிழிந்த துணி மாதிரி, உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று.

ஐந்து வருசம் கழித்து, கிழக்கே ரூஜில் வீடு வாங்கிக் குடிபோனபோது பாலேஸ்வரி எதையும் முன்னே அனுப்பவில்லை. இன்றைக்கும் அவளுடைய எந்தக் கோட்டுப் பொக்கற்றைத் தடவினாலும் ஒரு பம்ப் இருக்கும். வெள்ளிக்கிழமைச் சூலம் தன்னைத் தேடி வந்ததாகத்தான் அவள் சொல்வாள்.

இதுவரை எழுதியதை நான் வாசித்துக் காட்டியபோது, பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த பொன்னம்பலம் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் சரி. ஒண்டு மட்டும் பிழை. கார் வெள்ளிக்கிழமை முழுக்க ஸ்ராட் ஆகேல்லை. நாங்கள் வெளிக்கிட்டது சனிக்கிழமை. சனிக்கு மேற்கே சூலமே இல்லை. பத்மநாதனிட்ட அந்தப் பையைத் திருப்பி வாங்க எங்களுக்கு ஒரு முழு நாள் இருந்தது."