வலையோரத்து யோகராஜ்

அம்பிட்டிய பட்மிண்டன் மண்டபத்தில் யோகராஜுக்கென்று ஓர் இடம் உண்டு. வலைக்கு ஓரடி தள்ளி, மட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிற இடம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத்துக் கிளப்புக்குப் பின்னால் கிழிந்த வலையில் ஆடிப் பழகி, டவுனில் ஒரு கந்தோரில் கிளார்க்காகி, நாற்பத்தாறு வயதிலும் வேலை விட்டதும் மண்டபத்துக்கு ஓடி வருகிற மனுசன். நல்ல மனுசன்தான். ஆனால் வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அப்பப்பா!

எதிராளி மேல் எரிச்சல் என்றால் நியாயம். இவருக்குச் சொந்த ஜோடிக்காரன் மேலேயே எரிச்சல். பேர் சுதேஷ், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அதே கந்தோரில் வேலை, பனைமர உயரம். நாலு வருசமாக இரட்டையர் ஆட்டத்தில் இவர் முன்னால், அவன் பின்னால். யோகராஜ் ஷட்டிலை வலையை உரசுகிற மாதிரி மெல்லத் தட்டிவிடுவார். எதிராளிக்கு அதை மேலே தூக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. தூக்கினானோ, தொலைந்தான். பின்னாலிருந்து சுதேஷ் எம்பி ஒரே ஸ்மாஷ்! மண்டபமே “சுதேஷ்! சுதேஷ்!” என்று அலறும். தட்டிக்கொடுத்தவரை ஒரு நாய் திரும்பிப் பார்க்காது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. “அந்தத் தம்பி அடிச்ச அடி இருக்கே!” என்பாள் மனைவி கலாராணி. யோகராஜுக்குச் சோறு இறங்காது.

இந்த வருசம் கந்தோர்களுக்கிடையிலான கிண்ணத்தின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். முழங்கால் இனித் தாங்காது, இதுதான் தன் கடைசி ஆட்டம் என்று யோகராஜுக்குத் தெரியும். கிண்ணம் கிடைத்தாலும் சரி, போனாலும் சரி. இந்த மண்டபம் ஒரே ஒரு தடவை தன் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும், அவ்வளவுதான். வெட்கம் கெட்ட ஆசைதான், யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எதிரே கலகெதரக் கந்தோர்க்காரர்கள் ரெண்டு பேர். மூன்றாவது செட், இருபதுக்குப் பத்தொன்பது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. யோகராஜ் குட்டையாக சர்வீஸ் போட்டார். அவர்கள் அதை அவர் தலைக்கு மேலே உயரத் தூக்கிவிட்டார்கள். அது பின்னால் நிற்பவனுக்கு உரிய ஷட்டில், சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

“அண்ணை, விடுங்கோ! நான் அடிக்கிறன்!” என்று சுதேஷ் கத்தினான்.

காதில் நன்றாகத்தான் விழுந்தது. விடுவாரா? “தள்ளு தம்பி!” என்று பின்னோக்கி ஓடினார். மோதாமல் விலகின சுதேஷ், வலையோரம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து முன்னால் பாய்ந்தான். யோகராஜ் அடித்த அடியில் பலம் போதவில்லை. எதிராளி சும்மா மட்டையைக் காட்டி ஷட்டிலை வலையோரத்தில் போட்டான். சுதேஷ் அதைத் தொட்டான், அவ்வளவுதான். ஷட்டில் வலையின் விளிம்பில் ஏறி மறுபக்கம் உருண்டது. கலகெதரக்காரன் விழுந்தடித்து ஓடி அதைத் தூக்கினான். இந்த முறை ஷட்டில் யோகராஜுக்கு வாகாக வந்தது. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எதிராளிகள் ரெண்டு பேருக்கும் நடுவே இறக்கினார். நீ எடுப்பாய் என்று இவனும், நீ எடுப்பாய் என்று அவனும் நின்றுவிட்டார்கள்.

ஜெயித்தாயிற்று! யோகராஜ் மட்டையைத் தூக்கிப் பிடித்தார். கண் கலங்கிவிட்டது. மண்டபம் எழுந்து நின்று கத்தியது.

“சுதேஷ்! சுதேஷ்!”

ஆள் மாறிக் கத்துகிறார்களாக்கும் என்று நினைத்தார். அதற்குள் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து கலாராணி ஓடி வந்தாள். “என்னங்க, வலைகிட்ட அந்தத் தம்பி தட்டுனதப் பாத்தீங்களா! பூ மாதிரி! அது இல்லாட்டி நீங்க எங்க அடிக்கிறது?”

சுதேஷ் வேர்க்க விறுவிறுக்க வந்து கையை நீட்டினான். அவன் முகத்தில் கள்ளம் கபடம் ஒன்றுமில்லை. “முன்னுக்கு நிக்கிறது லேசான வேலைதான், என்ன அண்ணை? இவ்வளவு நாளும் நான் பெரிய கஷ்டமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

யோகராஜ் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். அந்தக் கையை அப்படியே முறித்துப் போட்டால் என்ன என்று மனசுக்குள் ஓடியது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.