பார்ப்போம், பார்த்துக்கிடுவோம்

தென்காசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருபவன் என்பதால், வடகரைக்கு வெளிநாட்டுக் கம்பெனி வந்தபோது ஊர்க் கூட்டத்தில் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். தென்னை நார்த்தூளைக் கழுவி, கட்டியாக்கி, கப்பலேற்றும் கம்பெனி. அந்நிய முதலீடு வந்தால் ஊர் பிழைக்கும் என்று வகுப்பில் முழங்குகிறவன் நான். திருப்பூருக்கு வேலைக்குப் போன அக்கா மகள் வீடு திரும்புவாள் என்ற சொந்த ஆசையும் இருந்தது.

தூளைக் கழுவ ஆழ்துளைக் கிணறு போட வேண்டும். அதற்குப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒட்டியிருந்த தோப்பு என் அக்காவுடையது. அத்தான் போன பிறகு அந்தத் தென்னைகளை நம்பியே மகளை வளர்த்தவள் அவள்.

"எங்க கிணறு வத்திப் போச்சுன்னா என்ன செய்வாகன்னு கேளுலே," என்றாள்.

கேட்டேன். கம்பெனி சார்பில் வந்திருந்த வெள்ளைக்காரர் கனிவாகச் சிரித்தார். "வீ வில் லுக் இன்டு இட்."

பார்ப்போம் என்கிறார், அவ்வளவுதான். எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தவர்கள் "பாப்போம்" என்று எழுந்தால் அந்தச் சம்பந்தம் அத்தோடு கைவிட்டுப் போனது என்று அர்த்தம். அப்படியே சொன்னால் அக்கா பேனாவைத் தொடமாட்டாள். "பாத்துக்கிடுவாகளாம்க்கா," என்றேன். ஒரே சொல்லில் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டேன், அது அவருக்கே தெரியாது. அக்கா உடனே கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனியால் நன்மையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வெளியூர் போன பெண்கள் பலர் திரும்பினார்கள். அக்கா மகளும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஆனால் போன ஆனியில், குற்றாலத்தில் சாரலுக்குக் கூட்டம் நெரிந்த நேரத்தில், அக்காவின் கிணற்று மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. மரங்கள் குரும்பைகளை உதிர்த்தன. கம்பெனியில் போய்க் கேட்டோம். புது மேனேஜர், அப்படி வாக்குக் கொடுத்ததாகக் காகிதம் எதுவும் இல்லை என்றார். எப்படி இருக்கும்? எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகள் கேட்டாள். "மாமா, அன்னிக்கு அவரு இங்கிலீஷ்ல என்னதான் சொன்னாரு?"

மறைக்கத் தெம்பில்லை. சொன்னேன்.

"நாங்க லீவு கேட்டா மேனேஜரும் இதத்தான் சொல்லுதாரு. கெடைக்காதுன்னு அர்த்தம்."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"வெள்ளக்காரன நான் எங்கலே நம்புனேன்? ஒன்னத்தானே நம்புனேன்," என்றாள்.