அத்தான் பார்த்து வைத்த ஆடிட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், தலைநகரின் ஓக்லா தொழிற்பேட்டையில் மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அப்பா ஓய்வு பெறப்போகிற சமயம். பெற்றதும் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆகவே வேலையை விடுகிற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பி.காமோடு நின்றுவிடவும் மனமில்லை.

காஸ்ட் அக்கவுண்டன்சி, அதாவது உற்பத்திச் செலவுக் கணக்கு, படிக்கப்போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சொன்னேன். அதற்குச் சாயங்கால வகுப்பு போதும். சி.ஏ. என்றால் ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருஷம் முழுநேரப் பயிற்சி.

அக்காவின் கணவர் சோறு பிசைவதை நிறுத்தினார். அத்தானுக்கு வங்கியில் வேலை. பிரமோஷன் தேர்வு எழுதுவார். ஒவ்வொரு தடவையும் கேள்வித்தாள் சரியில்லாமல் போய்விடும். இவரிடம்தான் எங்கள் வீட்டில் படிப்பு விஷயத்துக்கு யோசனை கேட்பார்கள்.

“காஸ்ட்டா? அது சி.ஏ. முடியாதவன் படிக்கது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்னன்னு சொல்ல?”

“வேலையை விடணுமே, அத்தான்.”

“அதை நான் பாத்துக்கிடுதேன். நீ பேசாம வா.”

அடுத்த சனிக்கிழமை கரோல் பாக்கில் தனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் கூட்டிப்போனார். அந்த மனிதர் சமோசாவைப் பிய்த்தபடி, என்னைப் பார்க்காமல், அத்தானிடமே இந்தியில் பேசினார். பெண் வேலையை விடவே வேண்டாம். இங்கே வரவும் வேண்டாம். காகிதத்தில் மட்டும் அவரிடம் பயிற்சியில் இருந்தால் போதும்; வருகைப் பதிவை அவர் பார்த்துக்கொள்வார்.

“அப்படியானால் ஆடிட் செய்ய எப்போது கற்றுக்கொள்வது?” என்று நானும் இந்தியிலேயே கேட்டேன்.

“அரே மகளே, பாஸான பிறகு எல்லாம் தானாக வரும்” என்று சிரித்தார். அத்தானும் சேர்ந்து சிரித்தார். ஊரார் கணக்கில் பொய் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர், வாயில் உருளைக்கிழங்கோடு, எவ்வளவு சாவகாசமாகப் பொய்க்கு ஏற்பாடு செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து படியிறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் அத்தான், “ஊரு உலகத்துல நடக்காததா?” என்றார்.

“நடக்கட்டும். எனக்கு வேண்டாம்.”

“உனக்கு நல்லது பண்ண வந்தேம் பாரு” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மாப்பிள்ளை மனசு கோணுத மாதிரி ஏதும் பேசிட்டியா?” என் படிப்பு என்ன ஆயிற்று என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமையே காஸ்ட்டுக்குப் பதிவு செய்தேன். வகுப்பில் படித்ததைக் கம்பெனியில் வைத்துப் பார்ப்பேன். இறக்கைக்குத் தகடு வெட்டும் இடத்தில் போய் நின்று, எவ்வளவு வீணாகிறது என்று கேட்பேன். அலுப்பாகத்தான் இருந்தது, ஆனால் பிடித்திருந்தது. ஒரு தாளில் தோற்றபோது ஆறுதல் சொல்ல அத்தான் ஜிலேபியோடு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

“சி.ஏ.ன்னா தோத்தாலும் ஒரு மரியாதை உண்டு” என்றார்.

மறுமுறை எழுதித் தேறினேன். கம்பெனியில் பதவி உயர்ந்தது. குடும்பம் வாடகை வீட்டுக்கு மாறியது என் சம்பளத்தில்தான். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் அத்தான் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து நிறுத்தி, “நம்ம கொழுந்தியா, சி.ஏ.” என்று அறிமுகப்படுத்த ஆரம்பித்தார்.

“இல்ல, காஸ்ட்” என்பேன், சுற்றியிருப்பவர்களுக்குக் கேட்கும்படியாக.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுப் பந்தி பக்கம் நகர்ந்துவிடுவார். என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டதில்லை. நானும் விளக்கியதில்லை.