அம்மாவிடம் மிஞ்சிய சொல்

அம்மாவின் பித்தளைக் கைமணி இப்போது சமையலறை அலமாரியின் மேல்தட்டில், காலி ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவே கிடக்கிறது. தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற அன்று, அதுவரை அவள் ஆட்டிய மணியையே பள்ளியில் கொடுத்துவிட்டார்கள். மரக் கைப்பிடி, உள்ளங்கை படும் இடத்தில் வழவழத்துப் போயிருக்கும். அம்மா அதை ஒரு ஆட்டு ஆட்டினால் பள்ளிக்கூடமே வாயை மூடிக்கொள்ளும். அதே மணியை வைத்து அம்மாவின் வாயை நான் மூடினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிவிட்டால் வெட்கம் குறையும் என்று யாராவது சொன்னால் நான் நம்பப் போவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா வாஷ்பேசின் ஓரமாகச் சரிந்தாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்குப் பயமில்லை, ஆனால் மூளையில் பேச்சு உண்டாகும் இடத்தில் அடி விழுந்திருக்கிறது, நாம் சொல்வது அத்தனையும் புரியும், அவருக்குத்தான் சொல் வராது என்றார் டாக்டர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா தலைமையாசிரியையாக இருந்த அதே பள்ளியில்தான் நானும் வேலை பார்க்கிறேன். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சில நாட்கள் கழித்து, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் உதடு அசைந்தது. ஆசையோடு காதைக் கொண்டுபோனேன்.

"சவத்து மூதி" என்றாள் அம்மா.

நெல்லைச் சீமையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சவம் என்றால் பிணம். மூதி, மூதேவியின் சுருக்கம். எங்கள் ஊர்ச் சந்தையிலும் டவுன் பஸ்ஸிலும் இது மூச்சு விடுவது போலச் சாதாரணம். ஆனால் எங்கள் வீட்டில் கிடையாது. 'ஏட்டி' என்று தோழியைக் கூப்பிட்ட பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தவள் அம்மா. நான் 'வாரேன்' என்றால் 'வருகிறேன்' என்று திருத்துவாள். பாளையங்கோட்டையில் பாதிப் பேரின் உச்சரிப்பு அம்மா திருத்தியதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் அதுதான். என் கன்னத்தைத் தடவிக்கொண்டு, அன்பாக எதையோ சொல்ல வாயெடுத்தாலும் அதேதான் வந்து விழும். முதல் தடவை அது தன் காதிலேயே விழுந்ததும் அம்மா இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அந்தக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன், உண்மைதான். ஆனால் அடுத்த நொடியே என் கண் வாசல் பக்கம் போனது, யாராவது கேட்டிருப்பார்களோ என்று.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சிரித்தபடியே விளக்கினாள். "திட்டு, பாட்டு, ஜெபம் இதெல்லாம் தானா வரக்கூடியது மேடம், அதான் தப்பிச்சிருக்கு. எந்த வார்த்தை வந்தாலும் தடுக்காதீங்க, அதுலேருந்துதான் மத்தது வரும். ஆளுங்க வரட்டும், பேசட்டும். இந்த ஆரம்ப மாசங்கள விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்." நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். வகுப்பில் நல்ல மாணவி போல எல்லாமே புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஐயரும் சபைப் பெண்களும் வந்தார்கள். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். நோயாளி உள்ள வீட்டுக்கு ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்து ஒரு பாட்டும் ஜெபமும் செய்யாமல் போக மாட்டார்கள். பாட்டைத் தொடங்கியதும் அம்மாவும் சேர்ந்து பாடினாள். ஒரு சொல் பிசகாமல் கடைசிச் சரணம் வரை பாடினாள். எல்லோரும் அழுதுவிட்டோம். "கர்த்தர் நாவைக் கட்டவிழ்த்துட்டாரு" என்றார் ஒரு அம்மா. ஐயர் குனிந்து, "டீச்சர், இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். அம்மா மூச்சை இழுத்து, முகத்தில் அத்தனை நன்றியோடு, "சவத்து மூதி" என்றாள்.

ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள். நல்ல மனிதர் ஐயர், "ஸ்தோத்திரம்" என்று சொல்லி அம்மாவின் தலையில் கை வைத்தார். எல்லோருக்கும் காப்பி போடுகிறேன் என்று நான் சமையலறைக்கு ஓடினேன். போட்டுக் கொண்டுவந்தது டீ.

மறுநாள் காலையில் அந்த மணியைத் தேடி எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். "தண்ணி வேணும்னா ஒரு தடவ ஆட்டுங்கம்மா, பாத்ரூம்னா ரெண்டு தடவ. வாய வீணாக் கஷ்டப்படுத்தாதீங்க" என்றேன். எவ்வளவு அக்கறையாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் கேட்கிறது. விசாரிக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "யாரும் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றேன். ஐயரிடமும் அதே பொய்தான். அம்மா உள்ளே கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, அதை எப்படித்தான் மறந்தேனோ.

கைக்கும் காலுக்கும் நான் குறை வைக்கவில்லை. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டேன். ஒரு கிண்ணத்துப் பாசிப்பயற்றை விரலால் எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட வைத்தேன். ஈரத்துண்டைப் பிழிய வைத்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா ஹாலைக் கடந்த அன்று, உறவினர் எல்லோருக்கும் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். வாய்க்கு மட்டும் நான் ஒரு பயிற்சியும் கொடுக்கவில்லை. "ஆட்கள் வந்து பேசறாங்களா?" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் பயிற்சிப் பெண் கேட்பாள். "வர்றாங்களே" என்பேன். "முன்ன அந்த ஒரு வார்த்தையாவது வந்துச்சு, இப்ப அதுகூட வரலியே" என்று அவள் கவலைப்பட்டாள். வீட்டில் மணிச்சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போதுதான் அம்மாவின் சொந்த ஊரான சாத்தான்குளத்திலிருந்து சித்தி வந்தாள், அம்மாவின் தங்கை. ஒரு பையில் கருப்பட்டி, இன்னொரு பையில் அவித்த பனங்கிழங்கு. வாசலில் 'பேசக்கூடாது' என்ற என் பாட்டைத் தொடங்கினேன். "நான் பேசவா வந்தேன், எங்க அக்காளப் பாக்க வந்தேன், தள்ளுட்டி" என்று உள்ளே போய்விட்டாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மா எதையோ சொல்ல முகத்தைச் சுளித்து, பிறகு இடது கையை நீட்டி மணியை எடுத்து ஆட்டினாள்.

"இது என்னத்துக்கு? நீ என்ன ஆடா, மணி கெட்டி விட்டிருக்கு?" சித்தி மணியைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். "வாயத் தொறந்து சொல்லுக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி ஆண்டவள், வாய் திறக்கலாமா என்று என்னிடம் கண்ணால் அனுமதி கேட்டாள். நான் வாசற்படியில் நின்றேன். அங்கேயே செத்துப் போயிருக்கலாம் போலிருந்தது. சரி என்று தலையை ஆட்டினேன்.

"சவத்து மூதி" என்றாள் அம்மா, மெதுவாக.

சித்தி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "ஏ யப்பா! எங்க அம்மை பேசுத மாதிரியே இருக்கு! ஏட்டி, எங்கம்மை ஆட்டையும் இப்படித்தான் கூப்பிடுவா, அடுப்பையும் இப்படித்தான் ஏசுவா. எங்களுக்குச் சோறு வைக்கும்போதும் இதேதான், 'திங்கியாட்டி சவத்து மூதி'ம்பா." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "நீதான் சவத்து மூதி! ஒரு தடவ ஊருப் பக்கம் வந்து எட்டிப் பாத்தியா?" என்றாள். அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தது. பதிலுக்கு அதே சொல்லைச் சொன்னாள். பகல் முழுக்க இரண்டு பேரும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டார்கள். நடுவில் சித்தி பையைப் பிரித்துக் காட்டி, "இது என்னது, சொல்லு பாப்போம்" என்றாள். அம்மா வெகுநேரம் உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். "கருப்... கருப்பட்டி."

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். சித்தி பின்னாலேயே வந்தாள். "டாக்டரு பேசப்பிடாதுன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். நான் அலமாரியில் காப்பிப்பொடியைத் தேடினேன். "நானும் இந்த வாயாலதான் பேசுதேன். ஒங்கம்மா பள்ளிக்கூட விழா ஒண்ணுக்காவது என்னையக் கூப்பிட்டிருக்காளா? ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளோ? சரி, வுடு. காப்பியக் கலக்கு." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சித்தி வாரக்கணக்கில் தங்கினாள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்ததெல்லாம் தலைமையாசிரியையின் தமிழ் இல்லை. கெணறு, அங்கன, இங்கன, பைய என்று, ஊரை விட்டுப் பாளையங்கோட்டை போர்டிங் பள்ளியில் சேர்வதற்கு முந்தைய சிறுமியின் பேச்சு. பயிற்சிப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். "சித்தி வந்தாங்க" என்றேன்.

சித்தியைச் சாத்தான்குளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிய மாலையில், அம்மாவும் நானும் பயற்றுக் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு பயற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கோத்துக் கேட்டாள்.

"ஏட்டி... ஒனக்கு... என்னால... வெக்கமா?"

"இல்லம்மா" என்றேன். எவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டேன்.

வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்க்கும் பார்வை ஒன்று அம்மாவிடம் உண்டு. அந்தப் பார்வை திரும்பி வந்திருந்தது. மறுபடி ஸ்டூலுக்கே வந்திருந்த மணியை இடது கையால் எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு, மற்ற எல்லாச் சொல்லையும் தேடியது போலவே, நெற்றியைச் சுருக்கி நிதானமாகத் தேடி எடுத்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சவத்து மூதி."

அதைச் சரியாகத்தான் சொன்னாள்.

மணி அன்றைக்கே மேல்தட்டுக்குப் போய்விட்டது. இப்போது ஏதாவது வேண்டுமென்றால் அம்மா "ஏட்டி" என்று கூப்பிடுகிறாள், தெருவுக்கே கேட்கும்படி. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று என் கண் இன்னமும் ஒரு தடவை போய்த்தான் வருகிறது. அதற்குப் பிறகுதான் "வாரேம்மா" என்கிறேன்.